தண்ணீர் தெளிவாக இருந்தும் மீன் ஏன் செத்தது, செடி ஏன் கரைகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: சென்னையில் வீடு. இரண்டடித் தொட்டி வாங்கி, போர் தண்ணீர் நிரப்பி, மறுநாளே ஆறு மோலியும் இரண்டு தங்கமீனும் விட்டீர்கள். நாலாம் நாளிலிருந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு வாரத்தில் எல்லாம் போய்விட்டன. கடைக்காரர் நீல மருந்து கொடுத்தார். தண்ணீரை முழுக்க மாற்றி ஃபில்டர் பஞ்சைக் குழாயில் நன்றாகக் கழுவவும் சொன்னார். அப்படியே செய்தீர்கள். இப்போது அமேசான் ஸ்வோர்டு, வாலிஸ்நேரியா, கிரிப்டோகோரைன், அனுபியாஸ், பெயர் தெரியாத ஒரு சிவப்பு இலைச் செடி என எல்லாம் அழுகிக்கொண்டு வருகின்றன. வீட்டில் ஆர்ஓ தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா, மறுபடி மீன் எப்போது விடலாம், தங்கமீனே விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மீன் செத்தது நோயால் இல்லை, அமோனியாவால். மீன் தன் செவுள் வழியாகவே ஓயாமல் அமோனியாவை வெளியேற்றும். மிஞ்சிய தீனி, கழிவு, அழுகிய இலை எல்லாவற்றிலிருந்தும் அதுதான் வரும். பழைய தொட்டியில் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். வேறு பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். அமோனியா செவுளைப் புண்ணாக்கும். நைட்ரைட் ரத்தத்தில் கலந்து ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி செய்துவிடும், ரத்தமே பழுப்பாகிவிடும். அதனால்தான் ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீன் மூச்சுக்குத் தவிக்கிறது. மூன்றாவதான நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும், செடிக்கு அது சாப்பாடு. இந்தப் பாக்டீரியாக்கள் குடியேறிப் பெருகும்வரை தொட்டியைப் பழக்குவதைத்தான் சைக்கிளிங் என்கிறார்கள். அமோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கிடையாது. தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இங்கே நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளை அப்படியே பின்பற்றுபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அமோனியம், அவ்வளவாகத் தொல்லை தராது. மற்றது கரைந்த வாயுவாக இருக்கும் அமோனியா, அதுதான் கொல்வது. எது எவ்வளவு என்பதைத் தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. பிஹெச் 7, வெப்பம் 25 டிகிரி என்றால் மொத்தத்தில் ஏறத்தாழ 0.6 சதவீதம்தான் விஷ வடிவில் இருக்கும். பிஹெச் 8, வெப்பம் 30 டிகிரி என்றால் அதுவே 7 சதவீதத்தைத் தாண்டும். அதாவது, டெஸ்ட் கிட்டில் ஒரே அளவு காட்டினாலும் நம் போர் தண்ணீரில் அதன் விஷம் பத்து மடங்குக்கும் மேல். ‘லேசாக அமோனியா இருந்தால் பரவாயில்லை, மீனை விட்டே சைக்கிள் செய்யலாம்’ என்ற அறிவுரை இங்கே மீனைக் கொன்றுவிடும்.

கடையில் கொடுத்த நீல மருந்து மெத்திலீன் புளூவாகத்தான் இருக்கும். பூஞ்சைக்கும் முட்டைகளைக் காப்பாற்றவும் நல்ல மருந்துதான், ஆனால் தனி டப்பாவில் வைத்துப் பயன்படுத்த வேண்டியது. தொட்டியில் ஊற்றினால் வளர ஆரம்பித்திருக்கும் பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொல்லும், செடிக்கும் ஆகாது, தொட்டி ஓரத்து சிலிக்கானும் நீலம் பிடிக்கும். அதோடு பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவியதில் மிச்சமிருந்ததும் போயிருக்கும். இனி பஞ்சு அழுக்கானால், தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வைத்து, அதில் இரண்டு தடவை அலசினால் போதும். வெள்ளையாக வர வேண்டியதில்லை. அந்தப் பழுப்புச் சேற்றில்தான் உங்களுக்கு வேண்டியது இருக்கிறது.

இப்போது ஆர்ஓ விஷயம். முழுக்க ஆர்ஓ வேண்டாம். பாக்டீரியா அமோனியாவை மாற்றும்போது தண்ணீரிலுள்ள காரத்தன்மையைச் செலவழிக்கும். அமோனியாவில் உள்ள நைட்ரஜன் ஒரு மில்லிகிராம் மாற, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏழு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல் காரத்தன்மை போகும். ஆர்ஓ தண்ணீரில் செலவழிக்க அநேகமாக ஒன்றுமே இருக்காது. முதல் வாரம் நன்றாகப் போய், திடீரென்று பிஹெச் 6-க்கு இறங்கி, பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். ‘ஒன்றரை மாதம் ஆகியும் சைக்கிள் ஆகவில்லை’ என்று என்னிடம் கேட்பவர்களில் பாதிப்பேர் ஆர்ஓ தண்ணீர்க்காரர்கள். உங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 900 என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி போர், பாதி ஆர்ஓ கலந்தால் ஐந்நூறுக்குப் பக்கத்தில் வரும். அது செடிக்கும் நல்லது, பாக்டீரியாவுக்கும் நல்லது. ஏற்கெனவே ஆர்ஓ ஊற்றி மாட்டிக்கொண்டவர்கள் ஐம்பது லிட்டருக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினால் நின்ற வேலை மறுபடி ஓடத் தொடங்கும். காரத்தன்மையைக் காட்டும் கேஹெச் அளவு ஏறத்தாழ ஒன்றரைப் புள்ளி கூடும், அவ்வளவே போதும்.

உங்கள் சம்ப்பில் மெட்ரோ தண்ணீரும் கலக்கிறது என்றால் குளோரினைக் கவனிக்க வேண்டும். கடையில் ஆன்டி குளோரின் என்று விற்பது சோடியம் தையோசல்பேட். அதைப் போடலாம், அல்லது வாளியில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் ஓடவிட்டாலும் குளோரின் போய்விடும்.

இனி மீன் இல்லாமலே சைக்கிள் செய்யும் வழி. ஈயம் பூசுகிறவர்கள் அடுப்பருகே வைத்திருப்பார்களே நவச்சாரம், அதுதான் அம்மோனியம் குளோரைடு. அவர்களிடம் இருப்பது சுத்தமானது அல்ல. கெமிக்கல் கடையில் ஆய்வகத் தரத்தில் சின்ன டப்பாவாகக் கிடைக்கும், அதை வாங்குங்கள். பத்து கிராமை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, பாட்டிலில் ஊற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று அடித் தொட்டியின் கொள்ளளவு 56 லிட்டர் சொச்சம். கல், மேலே விட்ட இடம் எல்லாம் கழித்தால் ஐம்பது லிட்டருக்கும் குறைவாகவே நிற்கும். அதற்கு இந்தக் கரைசலில் 30 மில்லி ஊற்றினால் அமோனியா 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு வரும். செடி இருக்கும் தொட்டியில் அதைத் தாண்டாதீர்கள். சிலர் 4, 5 என்று ஏற்றுவார்கள்; வாலிஸ்நேரியா மாதிரி மெல்லிய இலைச் செடிகள் கருகும், பாக்டீரியாவுக்கும் அதனால் லாபம் இல்லை. நவச்சாரம் தேடி அலைய முடியாவிட்டால் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுகவிடலாம். மெதுவாக நடக்கும், கொஞ்சம் நாறும், ஆனால் வேலை நடக்கும்.

டெஸ்ட் கிட் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். காகிதப் பட்டையைவிடச் சொட்டு மருந்து கிட் நம்பகமானது. ஏபிஐ என்ற கம்பெனியின் கிட் பரவலாகக் கிடைக்கிறது. அதில் நைட்ரேட்டுக்கான இரண்டாம் பாட்டிலை அரை நிமிடம் விடாமல் பலமாகக் குலுக்கிவிட்டுத்தான் சொட்டு விட வேண்டும். அடியில் மருந்து படிந்திருக்கும். குலுக்காவிட்டால் எப்போதும் குறைவாகவே காட்டும். சில இடங்களில் போர் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கும். அதனால் குழாய்த் தண்ணீரையும் ஒரு தடவை சோதித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சில நாள் அமோனியா அசையாது. பிறகு அது இறங்க ஆரம்பிக்கும்போது நைட்ரைட் ஏறும். நைட்ரைட்தான் நீளமாக இழுக்கும், பொறுமை போவதும் அந்தக் கட்டத்தில்தான். நைட்ரைட் அட்டையின் கடைசி ஊதா நிறத்தில் நின்றுவிட்டால் அமோனியா ஊற்றுவதை நிறுத்தி, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். அமோனியா பூஜ்யமாகும்போதெல்லாம் மறுபடி பாதி அளவு ஊற்றுங்கள். 30 மில்லி ஊற்றி 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் என்று வந்தால் முடிந்தது. நம் வெப்பத்தில் சாதாரணமாக மூன்றிலிருந்து ஐந்து வாரம் ஆகும். நைட்ரேட் ஏறவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். செடி நிறைய இருந்தால் அமோனியத்தையே நேராக உறிஞ்சிக்கொள்ளும், நைட்ரேட்டாக மாற மிச்சம் இருக்காது.

இதைச் சுருக்க ஒரே ஒரு வழிதான் உண்மையில் வேலை செய்கிறது. நோயில்லாத, பல மாதம் ஓடிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு பழைய ஸ்பாஞ்சை வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துவிடும். பழைய தொட்டித் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றுவதால் பெரிதாகப் பயனில்லை. இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிட எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழ்பவை. பாட்டில் பாக்டீரியாவைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. லேபிளில் பேசில்லஸ் என்று போட்டிருந்தால் அது கசடைச் சிதைக்க உதவலாம், நைட்ரைட் வேலைக்கு உதவாது. நைட்ரோபாக்டர் என்று போட்டிருப்பதும் பழைய பாடம்தான். நன்னீர்த் தொட்டியில் நைட்ரைட்டை மாற்றுவது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று 1998-லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். 2015-இல் அமோனியாவிலிருந்து நைட்ரேட்வரை முழு வேலையையும் தனியாகவே செய்யும் நைட்ரோஸ்பைரா வகைகளும் கண்டுபிடிக்கப்பட்டன. சரியான பாக்டீரியா உள்ள பாட்டில்களும் இருக்கின்றன. ஆனால் மே மாத வெயிலில் கூரியர் வண்டியில் வெந்து வரும் பாட்டிலில் எவ்வளவு உயிரோடு இருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம், மூன்றாம் நாளில் தண்ணீர் பால் கலந்தது போல வெண்மையாகும். அது வேறு பாக்டீரியாக்கள், கசடைத் தின்று வேகமாகப் பெருகுபவை. தானாகப் போய்விடும். அதற்காகத் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவாதீர்கள்.

செடிக்கு வருவோம். நான் செடியை அலங்காரமாகப் பார்ப்பதில்லை, ஃபில்டரின் பாதி அதுதான். வேகமாக வளரும் செடிகளால் தொட்டியை நிறைத்துவிட்டால் பாக்டீரியா தாமதமானாலும் மீன் பிழைக்கும். ஆனால் வளராத செடி, அழுகும் செடி, அமோனியாவைக் கூட்டும்.

உங்கள் செடிகள் கரைவதில் பாதி இயல்பானது. தண்ணீர்ச் செடிகளைப் பண்ணையில் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, வேர் மட்டும் ஈரத்தில் இருக்க வளர்க்கிறார்கள். அந்த இலை காற்றுக்கென்று தடிப்பாக, மெழுகு பூசியதாக வளர்ந்தது. தண்ணீருக்குள் அதற்கு வேலை இல்லை. செடி அதைக் கைவிட்டுப் புது இலை விடும். அமேசான் ஸ்வோர்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடையிலிருந்து வந்த இலை நீளக் காம்போடு உருண்டையாக, விறைப்பாக இருக்கும். நடுக்குருத்திலிருந்து வரும் புது இலை ஒடுங்கி, நீண்டு, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாக இருக்கும். குருத்தை விரலால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் செடி பிழைத்துவிட்டது. பழைய இலைகளை அடியோடு கத்தரித்து வெளியே எடுங்கள், அங்கேயே அழுக விடாதீர்கள். குருத்து கொழகொழவென்று நசுங்கினால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கிரிப்டோகோரைன் இன்னும் மோசமாகப் பயமுறுத்தும். இடம் மாற்றினாலே மொத்த இலையும் கண்ணாடித்தாள் மாதிரி ஆகிக் கரைந்துவிடும். நம் கடைகளில் கிடைக்கும் வென்டி, பெக்கெட்டி எல்லாம் இலங்கையின் ஓடைகளிலிருந்து உலகெங்கும் போனவை. நம் தண்ணீரும் வெப்பமும் அவற்றுக்கு ஒன்றும் அந்நியம் இல்லை. கிழங்கு மண்ணுக்குள் இருந்தால் மூன்று நான்கு வாரத்தில் மறுபடி துளிர்க்கும். பிழைத்ததா என்று பிடுங்கிப் பார்ப்பதுதான் அதைக் கொல்லும்.

அனுபியாஸ் அழுகுவது மட்டும் இயல்பானது இல்லை. தடித்த தண்டை மண்ணில் புதைத்திருப்பீர்கள். வெளியே எடுத்து, மரக்கட்டையிலோ கல்லிலோ தையல் நூலால் கட்டிவிடுங்கள். ஜாவா ஃபெர்னுக்கும் இதே விதி. வாலிஸ்நேரியாவை வேர் மட்டும் உள்ளே போகும்படி நட வேண்டும். இலை தொடங்கும் வெள்ளைப் பகுதி கல்லுக்கு மேலே தெரிய வேண்டும். செடிகளைச் சுற்றியிருந்த பஞ்சையும் ஈயப் பட்டையையும் எடுத்துவிட்டுத்தானே நட்டீர்கள்? இல்லையென்றால் இப்போதாவது எடுங்கள்.

அந்தச் சிவப்பு இலைச் செடி தண்டு கணுக்கணுவாக, இலை குரோட்டன்ஸ் மாதிரி தடிப்பாக இருந்தால் அது தண்ணீர்ச் செடியே இல்லை. கார்டிலைன், டிரசீனா, லக்கி பாம்பூ இவையெல்லாம் வீட்டுத் தொட்டிச் செடிகள். தண்ணீருக்குள் ஓரிரு மாதம் தாக்குப்பிடித்து, பிறகு அழுகும். எடுத்துப் பூந்தொட்டியில் வையுங்கள், நன்றாக வளரும்.

முதல் இரண்டு மாதத்துக்கு நான் சொல்வது இந்தச் செடிகள்: ஹைட்ரில்லா, ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா, நீர்ப்பிரம்மி. வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர்ப் பக்கம் போனால் இவற்றில் சில கட்டுக்கட்டாக மலிவாகக் கிடைக்கும். பகோபா மொனியேரி என்று விலை போட்டு விற்பது நம் குளத்து ஓரத்து நீர்ப்பிரம்மியேதான். குளத்திலிருந்து நேராகப் பறித்து வந்தால் நத்தையும் தும்பிப் புழுவும் கூடவே வரும். தும்பிப் புழு குட்டி மீன்களைப் பிடித்துத் தின்னும். ஒரு வாரம் தனி வாளியில் போட்டுப் பார்த்துவிட்டு நடுங்கள். தொட்டியின் பின்பக்கம் ஒரு மணி பிளாண்ட் கொடியைச் செருகி, வேர் மட்டும் தண்ணீரில், இலை வெளியே இருக்கும்படி விடுங்கள். அதற்கு காற்றிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு கிடைப்பதால் நைட்ரேட்டை அது இழுக்கும் வேகம் அசாத்தியமானது.

விளக்கு ஆறு மணி நேரம் போதும். டைமர் பிளக் ஒன்று மாட்டிவிடுங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம். ஜன்னல் வெயில் நேரடியாகப் படும் இடமென்றால் பச்சைப் பாசி உறுதி. புதுத் தொட்டியில் கண்ணாடியிலும் இலையிலும் படியும் பழுப்புத் தூள் டயாட்டம் என்ற நுண்பாசி. விரலால் தேய்த்தால் போகும், சில வாரங்களில் தானாகவும் மறையும்.

உரத்தைப் பற்றி ஒரு ரகசியம் போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அப்படி ஒன்றும் இல்லை. இலையைப் பாருங்கள். அடியிலைகள் மஞ்சளானால் நைட்ரஜன் போதவில்லை. அடியிலைகளில் ஊசி குத்தியது போல ஓட்டை விழுந்து, ஓட்டையைச் சுற்றி மஞ்சளானால் பொட்டாசியம். மேலே வரும் புதுக் குருத்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு. விவசாய மருந்துக் கடையில் 13-0-45 என்று கேட்டால் பொட்டாசியம் நைட்ரேட் தருவார்கள். உங்கள் தொட்டிக்கு 0.4 கிராம் போட்டால் நைட்ரேட் 5 பிபிஎம்மும் பொட்டாசியம் 3 பிபிஎம்மும் ஏறும். வாரம் ஒரு தடவை தண்ணீர் மாற்றிய பிறகு, அதுவும் சோதனையில் நைட்ரேட் குறைவாக இருந்தால் மட்டும். சைக்கிளிங் நடக்கும் காலத்தில் வேண்டாம். யூரியா, டிஏபி, காம்ப்ளெக்ஸ் போன்ற வயல் உரம் எதையும் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், நேராக அமோனியாதான் ஏறும். இரும்பு வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். இடிடிஏ என்ற சேர்மத்தோடு பிணைத்த இரும்பு பிஹெச் 6.5-ஐத் தாண்டினால் நிலைக்காது. உங்கள் தண்ணீருக்கு டிடிபிஏவோடு பிணைத்த வகை ஓரளவு நின்று வேலை செய்யும். வேரால் சாப்பிடும் ஸ்வோர்டுக்கும் கிரிப்டுக்கும் மண்ணுக்குள் செருகும் வேர் மாத்திரைதான் சரி. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் நான் சொன்ன எந்தச் செடிக்கும் தேவையில்லை. ‘லிக்விட் கார்பன்’ என்று விற்பது பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினி, வாலிஸ்நேரியா அதில் கரைந்தே போகும்.

ஹீட்டர் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சென்னையில் நம் கவலை எதிர்ப்பக்கம். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும் ஆக்சிஜன், 32 டிகிரியில் 7.3-க்கு இறங்கிவிடும். கோடையில் தண்ணீர் மேற்பரப்பை ஒரு சின்ன ஃபேன் தழுவும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள், போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு கூடிக்கொண்டே போகும். கரண்ட் போய் ஃபில்டர் பல மணி நேரம் நின்றால் மூடிய ஃபில்டருக்குள் பாக்டீரியா மூச்சுமுட்டிச் சாகும். பேட்டரி ஏர் பம்ப்பும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் கூடுதலாக இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

சைக்கிள் முடிந்ததும் முக்கால் பங்குத் தண்ணீரை மாற்றிவிட்டு, ஐந்தாறு கப்பி அல்லது பிளாட்டி விடுங்கள். கடினத் தண்ணீர் இவற்றுக்குப் பிடிக்கும். மோலிக்கும் பிடிக்கும், ஆனால் அது சற்றுப் பெரிதாக வளரும். நியான் டெட்ராவுக்கு உங்கள் தண்ணீர் ஏற்றதில்லை. முதல் பத்து நாள் தினமும் சோதியுங்கள். நைட்ரைட் எட்டிப் பார்த்தால் தீனியை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, ஐம்பது லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும், இந்த அளவு செடிக்குக் கெடுதல் செய்யாது. பிறகு வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றி வந்தால் போதும்.

தங்கமீன் இந்தத் தொட்டிக்கு வேண்டாம். முழுதாக வளர்ந்தால் ஒரு சாணுக்குக் குறையாது, கழிவும் அதற்கேற்ப. நீங்கள் ஆசையாக நட்ட வாலிஸ்நேரியாவை வேரோடு பிடுங்கி மேலே மிதக்கவிடும். வீட்டில் குழந்தை தங்கமீன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் நாலடித் தொட்டி வாங்கி, கல்லில் கட்டிய அனுபியாஸ் மட்டும் வையுங்கள். அதன் இலை தடிப்பு, பெரும்பாலான தங்கமீன்கள் கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும்.